சிலேட்டின் மேல்பாதி

“…எல்லாத்தையும் தொட்டிக்குக் கொண்டு போங்கக்கா, அந்த ஒண்ணை மட்டும் இங்கன தாங்க. அது அழிக்க ஆளில்லாத எழுத்து.”

டீச்சர் இதைச் சொன்னபோது நான் இரண்டு கையாலும் சிலேட்டுகளை அடுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எல்லாம் மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டு. இருபதைத் தூக்கினால் தோள் இறங்கிவிடும். ஏப்ரல் மாதம், வருஷக் கடைசி நாள். அன்றைக்குப் பிள்ளைகள் தொட்டிக் கரையில் உட்கார்ந்து, அவரவர் சிலேட்டை அடுப்புக்கரியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். தொட்டி வரைக்கும் சுமந்து போவது மட்டும் ஆயா வேலை. ஆயா நான்.

அந்த ஒரு சிலேட்டில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் டீச்சரைச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்காமல் எழுதுகிறேன். அதனால் பெயரையாவது விட்டுவைக்கிறேன்.

வண்ணார்பேட்டையில் ஒரு அரிசிக்கடைக்குப் பின்னால் இருந்தது எங்கள் பள்ளிக்கூடம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஒரு முற்றம், ஒரு தண்ணீர்த் தொட்டி. கடைக்கார அண்ணாச்சிதான் பள்ளிக்கூடத்துக்கும் முதலாளி. பெரிய பெயராக ஒன்று பலகையில் எழுதியிருந்தாலும் ஊரில் யாரைக் கேட்டாலும் ‘அரிசிக்கடைப் பள்ளிக்கூடம்’ என்றுதான் சொல்வார்கள். காலையில் பிள்ளைகள் வரும்போது தலையில் எண்ணெய் வாசம் அடிக்கும். சாயங்காலம் போகும்போது தவிட்டு வாசம் அடிக்கும். இது தொண்ணூற்று மூன்றிலோ நான்கிலோ நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, டீச்சருக்கு இருபத்தாறு. என்னை அக்கா என்பார். நான் டீச்சர் என்பேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு பெண்பிள்ளையின் சிலேட்டு முழுக்கக் கோழி கிளறினது மாதிரி இருந்தது. ஒத்தாசையாக இருக்கட்டும் என்று முந்தானையால் ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்டேன். டீச்சர் பைய வந்து பக்கத்தில் குத்தவைத்தார்.

“யக்கா, அந்தப் பிள்ளைட்ட கேட்டியளா?”

“என்னத்தை டீச்சர் கேக்க? ஒரு எழுத்துகூட உருப்படியா இல்ல.”

“உருப்படியா இல்லன்னாலும் அது அவ எழுதுனது. எழுதின கைதான் அழிக்கணும்.”

சரி டீச்சர் என்றேன். மனசுக்குள், இது என்ன கூத்து, மாசம் பூராவும் இவளோடு எப்படிக் காலந்தள்ள என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அதுதான் டீச்சர். மற்றதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். காலையில் தண்டவாளத் துண்டில் எடைக்கல்லால் தட்டி மணி அடிப்பேன். பிள்ளைகள் கைகூப்பிப் பாட்டுப் பாடும். பிறகு ஒவ்வொன்றிடமும், “காலையில என்ன சாப்ட்ட?” என்று டீச்சர் கேட்பார். இட்லி சாப்பிட்ட பிள்ளையும் இட்லி என்று சொல்லும், பட்டினியாக வந்த பிள்ளையும் இட்லி என்று சொல்லும். எது பட்டினி என்று டீச்சருக்கு எப்படியோ தெரிந்துவிடும். அடுத்து மணல் பலகை. ஆற்று மணலைச் சலித்துப் பலகையில் பரப்பியிருப்போம். விரலால் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அந்தப் பிள்ளைதான் பலகையை ஆட்டி மணலைச் சமமாக்க வேண்டும். அடுத்த பிள்ளை காத்துக்கொண்டு நின்றாலும் டீச்சர் அவசரப்படுத்த மாட்டார். பதினோரு மணிக்கு ஒண்ணுக்குப் போகும் வரிசை, அப்புறம் சிலேட்டு, அப்புறம் சாப்பாடு, தூக்கம். ஒவ்வொரு பிள்ளையிடமும் பழைய சோப்பு டப்பாவில் ஈரத்துணி ஒன்று உண்டு. எச்சில் தொட்டு அழித்தால் பாடம் வயிற்றுக்குள் போய்விடும் என்று சொல்லிவைத்திருந்தார். அதை நம்பி, பாடம் வயிற்றுக்குள் போனால் நல்லதுதானே என்று வேண்டுமென்றே நக்கின பயலும் உண்டு.

சட்டையில் கைக்குட்டையைக் குத்திவிடுவதும் டீச்சர் வேலைதான். ஊக்கு இல்லாமல் வருகிற பிள்ளைகளுக்காக அவர் முந்தானை ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஊக்குகள் வரிசையாகக் குத்திக் கிடக்கும். ஆனால் அந்தக் கைக்குட்டையால் ஒரு பிள்ளையின் கண்ணைக்கூடத் துடைத்துவிட மாட்டார். ஜூன் மாதத்தில் முதல் வாரம் முழுக்க ஒரே அழுகையாக இருக்கும். டீச்சர் அழுகிற பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், முதுகைத் தடவிக்கொண்டே இருப்பார். “அழுது முடிச்சாச்சா? ஒங்கண்ணு, நீயே தொடச்சுக்கோ” என்று கைக்குட்டையை அதன் கையில் எடுத்துக் கொடுப்பார். வாசலில் நின்று பார்க்கிற தாய்மார்களுக்கு வயிறு எரியும்.

“கல்லு மனசுக்காரி. தொட்டுத் தொடச்சுவிட்டா கை தேஞ்சா போகும்?” என்று என்னிடம் வந்து புலம்புவார்கள். நானும் டீச்சர் திரும்புகிற நேரம் பார்த்து இரண்டு மூக்கைச் சிந்திவிட்டது உண்டு.

அண்ணாச்சிக்கும் இதில் ஒரு தடவை வகையாகப் பட்டது. ஒரு நாள் கரும்பலகையில் ‘நாளை விடுமுறை’ என்று தன் கையால் எழுதிவிட்டு, நெல் பார்க்க ஏரல் பக்கம் போய்விட்டார். ஒரு நாள் விடுமுறை முடிந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடம் வந்தால் அந்த எழுத்து அப்படியே இருக்கிறது. டீச்சர் அதைத் தொடாமல் மிச்சமிருந்த ஓரத்தில் பாடம் எழுதினார். சாயங்காலம் பிள்ளையைக் கூப்பிட வந்த ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்கிறார். ‘நாளை விடுமுறை.’ அவர் நாலு பேரிடம் சொல்ல, மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகளைக் கூப்பிட வந்தவர்களும் அதையே படித்துவிட்டுப் போனார்கள். அண்ணாச்சி திரும்பி வந்தபோது வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இருந்தன.

“என்ன டீச்சர், ஊர்ல எதுவும் சீக்கா?”

“இல்ல சார். நீங்க எழுதிப் போட்டிய. நீங்க வந்து அழிக்கணும்லா?”

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டு, வேட்டி நுனியாலேயே பலகையைத் துடைத்தார். கடையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

டீச்சர் பிள்ளைகளிடம் கோபப்பட்டு நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒரு பயல் எங்கேயோ ஆணி ஒன்றைப் பொறுக்கி வந்து, பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டில் பஸ் படம் கீறிவிட்டான். டிரைவர்கூட இருந்தார் அதில். டீச்சர் ஓடிப்போய் ஆணியைப் பிடுங்கினார்.

“ஏலே, கல்லுல கீறினா ஆயுசுக்கும் போகாதுலே! அவன் நாளைக்கு என்னத்த எழுதுவான், எங்க எழுதுவான்?”

சொல்லும்போது உதடு நடுங்கிற்று. ஒரு சிலேட்டுக்கு இவ்வளவா என்று எனக்குத் தோன்றியது.

காரணம் ஒரு மத்தியானம் தெரிந்தது. பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தன. நான் உடைந்த சிலேட்டுக் குச்சி ஒன்றை எடுத்து, அடுப்படித் தரையில் பிள்ளைகளைப் பார்த்துப் பழகின ‘அ’னாவை எழுதிப் பார்த்தேன். எனக்கு அதுவரைக்கும் எழுத்துத் தெரியாது. காலடிச் சத்தம் கேட்டது, அவசரமாகக் காலால் தேய்க்கப் போனேன். டீச்சர் வாசலில் நின்றார். அந்த எழுத்தை மிதிக்காமல் சுற்றிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்காமலே சொன்னார்.

“எங்க வீட்டுக்காரர் போனன்னைக்குக் காலையில நான் வச்ச பொட்டுக்கா. குளிச்சிட்டு, கண்ணாடி பாத்து, நானே வச்சது. நானே அழிச்சிருப்பேன். வேண்டாம்னா சொன்னேன்? நாலு பேரு கையப் பிடிச்சுக்கிட்டாங்க. யாரு கை நெத்தியில பட்டுதுன்னுகூடத் தெரியல.”

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயதாம். காப்பி போடட்டுமா டீச்சர் என்று கேட்டேன். போடுங்க என்றார். அந்த ‘அ’னா இரண்டு நாள் அடுப்படியில் இருந்தது. பிறகு நானே அழித்து, அடுத்த எழுத்தைப் பழகினேன்.

இனி அந்த ஒரு சிலேட்டு. அது பரமசிவனுடையது. பெயர்தான் பெரிசு, ஆள் அரைப்படி இருப்பான். அப்பா தையல்காரர். காலையில் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுவந்து விடுவார், கழுத்தில் அளவு நாடா தொங்கும். மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். முதல் முழுச் சொல். “வீட்ல அம்மாவ மேல ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்க. அதப் பாத்து நீங்க கீழ எழுதிட்டு வாங்க.” சொல் என்ன சொல், எல்லாப் பிள்ளைக்கும் முதலில் வருகிற சொல்தான். அம்மா.

பரமசிவனுடைய அம்மா சனிக்கிழமை எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றில் வலி என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை இல்லை. அவன் சிலேட்டு பைக்குள் இருந்தபடியே ஆணியில் தொங்கியிருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பொங்கலும் கழிந்து அவன் திரும்ப வந்தபோது மொட்டை அடித்த தலையோடு இன்னும் சின்னவனாகத் தெரிந்தான். அன்றைக்கு எல்லாரும் ‘ஆடு’ எழுதினார்கள். அவனும் எழுதினான். அவன் எழுதியது சிலேட்டின் கீழ்ப்பாதியில். மேல்பாதியில் அம்மாவுடைய வரி. நல்ல உருண்டையான கையெழுத்து. ‘ம்’முக்குப் புள்ளி வைக்காமல், தலைக்கு மேல் கடுகளவு வட்டம் போட்டிருந்தாள்.

“பரமசிவா, மேல இருக்கதயும் அழிச்சிட்டுப் பெருசா எழுதுப்பா” என்றார் டீச்சர்.

“அது நான் எழுதல டீச்சர்.”

“பெறவு யாரு?”

“அம்மா எழுதுனா. அம்மா வந்து அழிப்பா.”

டீச்சர் அவன் முன்னாலேயே நின்றார். பிள்ளைகளிடம் பொய் சொல்லி நான் அவரைப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பொய்யும் சொல்லவில்லை, நிஜமும் சொல்லவில்லை. பக்கத்துப் பெஞ்சுக்கு நகர்ந்துவிட்டார். வீட்டில் அவனிடம், மொட்டை சாமிக்கு நேர்ந்தது, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்கள் என்பது பிறகு தெரிந்தது.

தை, மாசி, பங்குனி என்று மூன்று மாதமும் அவன் அரைச் சிலேட்டில்தான் படித்தான். எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே போயின. மற்றப் பிள்ளைகள் ஒரு சிலேட்டுக்கு ஒரு எழுத்து போடும்போது இவன் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதுவான். கீழ்ப்பாதியை மட்டும் ஈரத்துணியால் துடைப்பான், ஒரு சொட்டு மேலே போய்விடாமல் துணியைப் பிழிந்து பிழிந்து துடைப்பான். சிலேட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீங்க, உரசும் என்று டீச்சர் என்னிடம் சொல்லிவைத்தார். அதனால் அவனுடையதை மட்டும் அலமாரியில் நிறுத்திவைப்பேன்.

மாசியில் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட ஒரு அதிகாரி வருவதாக இருந்தது. அண்ணாச்சி காலையிலேயே வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக வந்து ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்தார். பரமசிவன் சிலேட்டில் நின்றார்.

“இது என்ன டீச்சர், பாதிச் சிலேட்டு? வாரவன் என்ன நெனப்பான்? இந்தப் பயலுக்கு அம்மா, ஆடு தாண்டி வரலைன்னு எழுதிட்டுப் போயிருவான்.” சொல்லிக்கொண்டே கட்டைவிரலை நாக்கில் தொட்டார்.

டீச்சர் தன் கையைச் சிலேட்டுமேல் குறுக்கே வைத்தார். “சார், இத அழிச்சியன்னா நாளையிலேருந்து நான் வரல.”

“எம்மா, எம் பள்ளிக்கூடத்துல எனக்கே சட்டம் சொல்லுதியா?”

அந்த நேரத்தில் நான் குறுக்கே விழுந்தேன். “அண்ணாச்சி, அது அந்தப் பயலோட அம்மை கையெழுத்து. செத்துப்போனால்லா, தையக்காரர் சம்சாரம்” என்று காதோடு சொன்னேன். அண்ணாச்சி விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். பரமசிவன் தலையில் கை வைத்தார். கடைக்குப் போய் அவனுக்கு மட்டும் ஒரு கை பொரிகடலை கொடுத்து அனுப்பினார். அதிகாரி அன்றைக்கு வரவே இல்லை.

ஆனால் அன்றைக்கு மத்தியானம் டீச்சர் சாப்பிடவில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“தப்புப் பண்ணிட்டேங்கா. எழுதின கைதான் அழிக்கணும்னு நாந்தானே சொல்லிக் குடுத்தேன்? அவன் அதப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். எழுத்து இருக்க வரைக்கும் அம்மா வரணும். நான் சொன்ன சொல்லு ஒரு பிள்ளைய வாசலப் பாக்க வச்சிருக்கு.”

“அப்பம் சொல்லிருங்க டீச்சர்.”

“சொல்லணும்” என்றார். சொல்லவில்லை. பங்குனியும் போயிற்று. தினம் அவன் முன்னால் குனிவார், வாயைத் திறப்பார், ‘துணி காஞ்சிருச்சு, நனச்சுக்கோ’ என்று எதையாவது சொல்லிவிட்டு நிமிர்வார்.

அடுத்த ஜூனில் டீச்சர் வரவில்லை. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனதாகச் சொன்னார்கள். அரிசிக்கடைப் பள்ளிக்கூடமும் இரண்டு வருஷத்தில் மூடி, அந்த அறைகளில் மூட்டை ஏறிவிட்டது. நான் அவரை அப்புறம் பார்க்கவே இல்லை. அதனால் என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வருஷக் கடைசி நாள்தான்.

மற்றச் சிலேட்டுகளைத் தொட்டிக் கரையில் வைத்துவிட்டு வந்தேன். வெளியே பிள்ளைகள் கரியும் தண்ணீருமாகக் கூத்தாடிக்கொண்டிருந்தன. வகுப்பில் டீச்சர் பரமசிவனுடைய சிலேட்டை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே அவன். அவன் அப்பா ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றார்.

“கடையையும் பாத்துக்கிட்டு இவனையும் பாக்க முடியலக்கா. ஏரல்ல இவன் சித்தி வச்சுக்கிடுதேன்னு சொல்லுதா. மூணு மணி பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விடணும்” என்றார் என்னிடம்.

“டீச்சர், ஏரல் பள்ளிக்கூடத்துலயும் எழுதுனவங்கதான் அழிக்கணுமா?” என்று பரமசிவன் கேட்டான்.

ஆமாய்யா என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். டீச்சர் முந்திக்கொண்டார். “தெரியலையேப்பா.”

“சித்தி அழிச்சிருவாளா?”

“தெரியாமத் தொடச்சாலும் தொடச்சிருவாங்க.”

அவன் சிலேட்டை எட்டிப் பார்த்தான். “தன்னாலயும் போகுது டீச்சர்.” நிஜந்தான். ‘அ’ மட்டும் தெரிந்தது. மற்ற எழுத்து சாம்பல் மாதிரி மங்கிக் கிடந்தது.

“பரமசிவா, நான் இதுல கை வைக்கட்டுமா?”

“அழிக்கவா?”

“இல்ல. அழியாம இருக்க. ஆனா அதுக்குப் பெறவு யாராலயும் அழிக்க முடியாது. அந்த எடத்துல ஒனக்கு வேற எழுதவும் முடியாது. யோசிச்சுச் சொல்லு.”

அவன் யோசித்தான். நாலரை வயதுப் பிள்ளை யோசிப்பதை நான் அப்படிப் பார்த்ததில்லை. “அம்மா வந்தா? அம்மாவாலயும் அழிக்க முடியாதா?”

அவன் அப்பா, “பஸ்ஸுக்கு நேரமாச்சு டீச்சர்” என்றார். டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. பையனுடைய இரண்டு கையையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“அம்மா வர மாட்டாங்கப்பா. செத்துப்போயிட்டாங்க. நான் அன்னைக்கே ஒன்கிட்ட சொல்லியிருக்கணும்.”

வாசலில் தையல்காரர் சுவரோடு சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். பரமசிவன் அழவில்லை. அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். அதிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். கையை உருவி, டீச்சர் மடியில் கிடந்த சிலேட்டை அவர் பக்கமாக நகர்த்தினான்.

“சரி. எழுதுங்க.”

டீச்சர் முந்தானையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நிமிர்த்தினார். ஒரு ஆணிக் கீறலுக்கு உதடு நடுங்கினவர், கல்லில் ஊக்கு முனையை அழுத்தி அந்த அம்மாவுடைய ‘அ’ மேலேயே கை நடுங்காமல் இழுத்தார். வெள்ளைப் பொடி கிளம்பிற்று. ஊதிவிட்டு மறுபடியும் இழுத்தார். மங்கின இடம் வந்ததும் நிறுத்தினார். பரமசிவன் குனிந்து விரலை வைத்து, “இங்கன வளையும் டீச்சர்” என்றான். அவன் விரல் போன வழியில் ஊக்கு போயிற்று. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்த எழுத்தல்லவா, அவனுக்கு ஒரு வளைவு தவறவில்லை. நடு எழுத்து முடிந்ததும் டீச்சர் அதன் தலைக்கு மேல் புள்ளி குத்தப் போனார்.

“புள்ளி இல்ல டீச்சர்” என்றான் பரமசிவன். “வட்டம்.”

டீச்சர் ஊக்கை எடுத்துவிட்டு, முகத்தைச் சிலேட்டுக்குக் கிட்டே கொண்டுபோய், கடுகளவுக்கு ஒரு வட்டம் போட்டார்.